எல்லாவற்றையும் கேட்கிற மைக்

கடைக்காரர் இரண்டு மைக்குகளைக் கண்ணாடி மேஜையின்மேல் அருகருகே வைத்தார். லட்சுமணன் இரண்டையும் தொடாமல் குனிந்து பார்த்தான். ஒன்று அவனுக்குப் பழகிய உருவம். கோயில் விழாவிலும் கல்யாண மண்டபத்திலும் பார்ப்பது, கைப்பிடியும் மேலே கம்பிவலை உருண்டையுமாக. மற்றது குட்டையாகவும் தடிமனாகவும் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரம் போல இருந்தது. ரிச்சி தெருவின் சனிக்கிழமைக் கூட்டம் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

"இது டைனமிக்கு" என்று கம்பிவலை உருண்டையைக் காட்டினான் ஜேம்ஸ். "வாய்க்கு எதிர்க்க இன்னா கீதோ அத்த மட்டுந்தான் புடிக்கும். பக்கத்துல வெடி வெடிச்சாலும் கண்டுக்காது. அது கண்டென்சரு. எதிர் ஊட்ல அப்பளம் பொரிச்சா அதுவும் உள்ள வந்து குந்திக்கும். உனுக்கு டைனமிக்குதான் மச்சான்."

ஜேம்ஸ் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அண்ணனூர் மின்ரயில் ஷெட்டில் லட்சுமணனோடு பதினேழு வருடங்களாக வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடி சர்ச்சில் கிடார் வாசிப்பவன். லட்சுமணன் வைத்திருக்கும் கிடாரே அவனுடைய பழையதுதான். வாசிக்கத் தெரிந்த மூன்று 'கார்டு' பிடிகளும் அவன் டீ இடைவேளைகளில் காட்டிக் கொடுத்தவை.

"அண்ணன் சொல்றது கரெக்ட்டு" என்றார் கடைக்காரர். "ஆனா டைனமிக்க நேரா லேப்டாப்புல சொருக முடியாது. நடுவுல ஒரு பொட்டி வாங்கணும். பொட்டி வெல மைக்கு வெலயத் தாண்டிப் போய்டும். இந்தக் குட்டையன் அப்டி இல்ல. சொருகு, பாடு, அவ்ளோதான்."

"கேட்டுப் பாக்கலாமா?" என்றான் லட்சுமணன்.

கடைக்காரர் அந்தக் குட்டை மைக்கை லேப்டாப்பில் சொருகி ஹெட்போனை நீட்டினார். லட்சுமணன் அதைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். முதலில் கடைக்காரரின் கைவளையம் மேஜையில் இடித்தது. அதற்குப் பின்னால் யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் கிழித்தார்கள். அதற்கும் பின்னால் மூன்றாவது கடை வாசலில் டீ கிளாசுக்குள் ஸ்பூன் சுற்றியது, நான்கு சுற்று, பிறகு ஓரத்தில் ஒரு தட்டு. அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஷெட்டில் ஒரு கம்ப்ரசர் சரியில்லை என்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பான். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அவன் சொன்னால் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். அப்படிக் கேட்டுப் பழகிய காது, தன்னைப்போலவே கேட்கிற ஒரு பொருளைக் கண்டால் விடுமா?

"இத்தயே குடுங்க."

"டேய், சொல்லச் சொல்ல..." என்றான் ஜேம்ஸ்.

"ஷெட்ல எவன் நல்ல ஃபிட்டரு? நெறய கேக்கறவந்தான?"

"அது பேரிங்குடா. இது பாட்டு."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் போட்டார். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மதிவதனி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தொட்டு, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாள். போனில் கேட்ட ஜேம்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். "பொட்டு வச்ச மைக்க இனி எவன் மாத்திக் குடுப்பான்?"

இவ்வளவும் ஒரே ஒரு பாட்டுக்காக. தெருக்கோடிப் பொன்னியம்மன் கோயிலில் ஆடி மூன்றாவது ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள். பன்னிரண்டு வருடங்களாக அன்றைக்கு மதி பாடும் பாட்டு உண்டு. அவளே கட்டிய பாட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஒவ்வோர் அடியாகக் கட்டினாள். அவள் ஓர் அடி பாடுவாள், பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அதன் கடைசியை வாங்கித் திருப்பிப் பாடுவாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இருவரும் சமைத்துக்கொண்டே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பாடிப் பழகிய பாட்டு அது. கோயிலில் மைக் ஒன்றுதான். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்று பாடுவார்கள்.

போன வருடம் மூன்றாவது அடியில் பஞ்சவர்ணம் தடுமாறினாள். "கூழு ஊத்தும் கைக்கெல்லாம் குளிர்ச்சி தந்து போறவளே" என்று மதி பாட, "போறவளே தாயே" என்று வாங்க வேண்டியவள், முதல் அடியின் "வாறவளே தாயே" என்று வாங்கிவிட்டாள். கூழுக்காகச் சொம்போடு நின்ற கூட்டத்தில் யாரோ, "அம்மா கெளம்பிட்டாங்க, இந்தம்மா திருப்பிக் கூப்டுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணத்துக்கு அடுத்த அடியும் நழுவியது. அப்போது மதி மைக் ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதிப் பாட்டைத் தனியாகப் பாடி முடித்தாள்.

"மேல மேல சிரிப்பானுங்களேன்னுதான் இஸ்துக்கினேன். அவ மானத்துக்குத்தான் பண்ணேன்" என்று அன்று மாலை லட்சுமணனிடம் சொன்னாள். அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. மறுநாள் தெருக்குழாயடியில் பஞ்சவர்ணம் யாரிடமும் சொல்லாததுபோல எல்லோருக்கும் சொன்னாள்: "பாட்டு அவுங்க பாட்டு, மைக்கு அவுங்க மைக்கு. நம்ம இன்னாத்துக்கு நடுவுல?" அதோடு பேச்சு நின்றது. தப்பே செய்யாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு வருடம் ஓடிவிட்டது.

இந்த ஆடியில் மதி மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தனியாக நின்றால் இன்னொருத்தி எங்கே என்று ஊர் கேட்கும். ஆனால் கோயிலில் தன் பாட்டு இல்லாமல் ஓர் ஆடி போவதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லவில்லை, அம்மன் தேடுவாள் என்றாள். அந்தச் சொல்தான் லட்சுமணனை ரிச்சி தெரு வரைக்கும் கொண்டுபோனது. கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டும் கோவிந்தன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "பென்டிரைவ்ல குடுத்துரு நைனா. புதங்கெழம சாய்ங்காலத்துக்குள்ள வந்துரணும். போன்ல எடுத்துத் தராத. என் ஸ்பீக்கர்ல போட்டா தகர டப்பா மாதிரி கத்தும்."

ஞாயிற்றுக்கிழமை காலை மின்விசிறியை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். ஜன்னல்களைச் சாத்தி அதன்மேல் போர்வை மாட்டினார்கள். வேலைக்காக ஓசூர் போய்விட்ட மகள் நிஷாவின் பழைய அரசு லேப்டாப் ஸ்டூலின்மேல் இருந்தது. ஜேம்ஸ் சொல்லியிருந்தபடி மைக்குக்கும் மதியின் வாய்க்கும் ஒரு சாண், கிடாருக்கு ஒரு முழம். வேர்வையில் நனைந்தபடி பாடி முடித்தார்கள். நன்றாக வந்திருக்கிறது என்று இருவருக்குமே தெரிந்தது. போட்டுக் கேட்டால், இரண்டாவது அடியிலிருந்து ஒரு ரயில் பாட்டின் குறுக்கே வந்து, நான்காவது அடிவரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னாங்க, ரயிலு போச்சா அப்போ?"

"எனுக்குக் கேக்கலியே."

"எனுக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தண்டவாளத்திலிருந்து நூறடியில் வீடு. பகலெல்லாம் ஷெட்டில் ரயில், ராத்திரியெல்லாம் ஜன்னலில் ரயில். பழகிய காது அதை எப்போதோ கழித்துவிட்டிருந்தது. நேற்று வந்த மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அதனால் லட்சுமணன் ஒரு காகிதத்தில் நேரம் எழுதினான். எந்த லோக்கல் எப்போது போகும், ஷெட்டுக்குள் காலி வண்டி எப்போது நுழையும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காலை ஆறேகாலுக்குத் திருவள்ளூர் வண்டி போனபின் ஏழெட்டு நிமிடம் லைன் சும்மா கிடக்கும். பாட்டு நான்கு நிமிடம். திங்கட்கிழமை காலை அந்த இடைவெளியில் எடுத்தார்கள். பாதியில் ஒரு சரக்கு வண்டி கணக்கில் இல்லாமல் வந்து கெடுத்தது. அந்தக் கெட்டுப்போன பதிவையே அன்று ஷெட்டில் ஜேம்ஸ் கேட்டுப் பார்த்தான்.

"தங்கச்சி கொரலு சூப்பரா கீது. ஆனா வரிக்கு வரி நடுவுல இன்னாத்துக்கு இவ்ளோ கேப்பு வுடுது? அங்க கிடார்ல எதுனா போட்டு ரொப்பு மச்சான்."

மாலையில் லட்சுமணன் அந்த இடங்களில் விரலை ஓட்டிப் பார்த்தான். காய் நறுக்கிக்கொண்டிருந்த மதி நிமிராமலே சொன்னாள்: "அங்க ஒண்ணும் வாசிக்காதீங்க. நல்லா இல்ல." ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எடுத்தது சுத்தமாக வந்தது. ரயில் இல்லை, சரக்கு வண்டி இல்லை. மூன்று நாள் எடுத்ததையும் போனில் ஏற்றிக்கொண்டு லட்சுமணன் வேலைக்குப் போனான். மதியம் சாப்பிட்டபின், கழுவி நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் ஏறி, ஆளில்லாத பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டான். கோவிந்தனிடம் கொடுப்பதற்குமுன் ஏதாவது தேய்மானம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான் கேட்டான்.

"வேப்பெல வாசத்திலே வீதிவழி வாறவளே" என்று மதி பாடி நிறுத்தினாள். அந்த இடைவெளியில், வெகு தூரத்தில், சுவருக்கும் பாத்திரத்துக்கும் அப்பாலிருந்து, நூல்போல ஒரு குரல் வந்தது. வாறவளே தாயே, வாறவளே.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டான். சத்தத்தை முழுக்க ஏற்றிக் கேட்டான். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அந்தக் குரல் வந்தது. மதி விட்ட இடத்தில் எடுத்து, மதி எடுக்கும் இடத்தில் விட்டது. மூன்றாவது அடி வந்தபோது லட்சுமணன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். போறவளே தாயே, போறவளே என்றது குரல். பிசகவில்லை. மதி மூச்சு வாங்க நிறுத்துகிறாள் என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இவள் இடம் விட்டிருக்கிறாள். தான் இடம் விடுகிறோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஒரு சத்தம் கிடைத்தால் இன்னொன்றைத் தேடுவது அவன் தொழில். திங்கட்கிழமையின் பதிவையும் ஞாயிற்றுக்கிழமையின் பதிவையும் போட்டுக் கேட்டான். மூன்றிலும் ஆரம்பத்தில் உர்ரென்று ஓர் அடிச்சத்தம் இருந்தது. மதி முதல் அடியைத் தொடங்கியதும் 'டக்'கென்று ஒரு சின்ன ஒலி. அதோடு அந்த உர்ர் நின்றது. பாட்டு முடிந்து, கிடாரின் கடைசி ஒலி அடங்கியபின், மறுபடியும் ஒரு 'டக்'. மறுபடியும் உர்ர்.

அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. கிரைண்டர். கணவர் போனபின் பஞ்சவர்ணம் மாவரைத்து விற்றுப் பிழைக்கிறாள். விடியற்காலையிலிருந்து கிரைண்டர் ஓடும், ஏழு மணிக்கு வாசலில் பாத்திரத்தோடு ஆட்கள் நிற்பார்கள். ரயிலைப்போலவே அந்தச் சத்தமும் அவன் காதிலிருந்து எப்போதோ கழிந்துவிட்டது. அதனால் அது நின்றதும் தெரியவில்லை. ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள், மூன்று நாளாக இந்த வீட்டில் பாட்டு தொடங்கியதும் தன் பிழைப்பை நிறுத்திவிட்டு நின்றிருக்கிறாள். நன்றி வரும் என்றா? யாருக்கும் தெரியவே போவதில்லை என்று நினைத்துத்தானே செய்தாள். கேட்பவர் இல்லாத இடத்தில் செய்கிற உபகாரத்தைத்தான் அம்மன் முதலில் கணக்கில் எடுப்பாள் என்று லட்சுமணனுக்குத் தோன்றியது. ஆளில்லாத அந்தப் பெட்டியில் அவன் கைகள் தானாகக் கூம்பின.

"இன்னா மச்சான், வண்டிக்கா பூஜ போடுற?" ஜேம்ஸ் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தான்.

லட்சுமணன் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தான். ஜேம்ஸ் முழுவதும் கேட்டான். கழற்றும்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

"இத்ததான் நான் அன்னிக்கே சொன்னேன். எல்லாம் உள்ள வரும்னு." ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளிக்குக் காலீல எங்க சர்ச் கொயர் டைனமிக்கும் நடுவுல சொருக குட்டி மிக்சரும் எடுத்துனு வந்துர்றேன். செவுத்துக்குப் பின்னால இன்னா நடந்தாலும் வராது. சுத்தமா எடுத்து சாய்ங்காலம் குடுத்துரலாம். சரியா?"

அவன் அன்பாகத்தான் சொன்னான். சாயங்காலம் வரைக்கும் வேலையினூடே லட்சுமணன் அதையே யோசித்தான். இதை இப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். கூழ் ஊற்றும்போது பெரிய ஸ்பீக்கரில் பஞ்சவர்ணத்தின் குரலும் வரும். ஆனால் அவள் பாடியது அவளுக்காக. ஒருத்தியைக் கேட்காமல் அவள் வீட்டுக்குள்ளிருந்து குரலை எடுத்து ஊருக்குப் போட்டுக் காட்டுவது களவுதான். போன வருடம் ஒரு மைக் அவளைத் தள்ளியது, இந்த வருடம் ஒரு மைக் அவளைத் திருடும். ஜேம்ஸின் மைக்கில் எடுத்தால் அந்தப் பாவம் இல்லை. மதியின் குரல் மட்டும் கண்ணாடிபோல வரும், அடிக்கு அடி வெற்றிடத்தோடு. மதிக்கு எதுவும் தெரியவும் தெரியாது.

ஆறரைக்கு மதி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, முகம் கழுவி, விளக்கேற்றினாள். அவள் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து லட்சுமணன் ஹெட்போனை நீட்டினான்.

"நல்லா வந்துக்கீதா?"

"நீயே கேளு."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். முதல் இடைவெளியில் அவள் புருவம் சுருங்கியது. இரண்டாவதில் முகம் திரும்பியது. மூன்றாவது அடியில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போடச் சொல்லிக் கையால் காட்டினாள். இரண்டாம் முறை கேட்டபின் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தக் குடுக்கக் கூடாது."

"தெரியும்."

"அவளக் கேக்காம."

"தெரியும் மதி."

ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே, "மூணாவது அடிய சரியாத்தான் பாடுறா" என்றாள். போன வருடமே அவள் சரியாகப் பாடியதுபோல, யாரோ மறுத்ததுபோலச் சொன்னாள்.

லட்சுமணன் அந்த 'டக்' ஒலிகளையும் போட்டுக் காட்டினான். அவளுக்கு அவனைப்போல விளக்கம் தேவைப்படவில்லை.

"கிரைண்டர நிறுத்துறாளா?"

"மூணு நாளாவும்."

"ஏழு மணிக்கு ஆளு வந்து நிக்குமே. மாவு பதமா வர வாணாமா? பைத்தியக்காரி." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சமையலறையில் பாத்திரம் எடுத்து வைக்கும் ஓசை வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது. ஜேம்ஸை வரச் சொல்வதா வேண்டாமா என்று லட்சுமணன் கேட்டபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவனாகவே ஜேம்ஸுக்கு, "காலீல வாணாம் மச்சான், நானே கூப்டுறேன்" என்று செய்தி அனுப்பினான். ஜேம்ஸ் கும்பிடும் கையை மட்டும் பதிலாக அனுப்பினான்.

புதன்கிழமை காலை லட்சுமணன் எழுந்து வந்தபோது மதி குளித்து முடித்திருந்தாள். கூடத்தில் இருந்த ஸ்டூல் சமையலறைக்குப் போயிருந்தது. ஜன்னல் போர்வை மடித்து வைக்கப்பட்டு ஜன்னல் திறந்து கிடந்தது. வெளியே வேப்பமரத்தில் காக்கைகள் கத்தின.

"இன்னா மதி, சத்தம்லாம் வருமே?"

"வரட்டும்."

அவள் லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். மைக்கை எடுத்தாள். நான்கு நாளில் அதன் குங்குமம் கொஞ்சம் அழிந்திருந்தது. புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அதைத் தனக்கும் பொதுச்சுவருக்கும் நடுவில் நிறுத்தினாள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து இந்தப் பக்கம் ஒரு சாண் அளந்தாள். அந்தப் பக்கமும் சுவர்வரைக்கும் ஒரு சாண் அளந்து, மைக்கை இம்மி நகர்த்திச் சரிசெய்தாள்.

இருவரும் ஆறேகால் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். சுவருக்கு அப்பால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு லட்சுமணனுக்கு அது நன்றாகக் கேட்டது. கல் சுற்றுவதும், சுற்றுக்கு ஒருமுறை சங்கிலி லேசாகத் தட்டுவதும்கூடக் கேட்டன. பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும், போய்ப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். திருவள்ளூர் வண்டி வந்தது. லேப்டாப் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக்கோடு மலைபோல எழும்பி, மெல்ல இறங்கிப் படுத்தது.

அவன் கிடாரைத் தொட்டான். மதி சுவரைப் பார்த்தபடி, மற்ற நாளைவிடக் கொஞ்சம் உரக்கப் பாடினாள்.

"வேப்பெல வாசத்திலே வீதிவழி வாறவளே..."

பாடி நிறுத்தினாள். எப்போதும் விடுகிற இடைவெளி வந்தது, தாண்டியும் போனது. அவள் அடுத்த அடியை எடுக்கவில்லை. லட்சுமணன் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து அவற்றை அடக்கினான். மற்ற நாளைவிடத் தாமதமாக அந்தப் பக்கம் 'டக்'கென்றது. கிரைண்டர் நின்றது. கல் தன் கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்வது கேட்டது. ஈரக்கையைப் புடவையில் துடைக்கும் ஓசையும் கேட்டதுபோல இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை. திரையில் பச்சைக்கோடு தண்டவாளம்போல நேராக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வண்டி வருவதற்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.